கல்யாணச் சேலையில் ஓடும் கார்

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலைப் போலத் துணிக்கும் கண்ட்ரோல் வந்திருந்தது. தூத்துக்குடியில் துணிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க வீட்டுக் காரு என் கல்யாணச் சேலையிலதான் மூச்சு விடுது, அக்கா.”

“ஏளா, என்ன சொல்லுத?”

“பழைய இரும்புக்கடையில பொறுக்கி அவரே பூட்டுன காருல்லா. பெட்ரோலுக்கு எங்க போக? சிரட்டைக்கரிப் புகையிலதான் ஓடுது. புகையோட சாம்பலும் இஞ்சினுக்குள்ள போயிரும். இருமி இருமி பாலத்து ஏத்தத்துல நின்னுரும். நைசுத் துணியில வடிகட்டணுமாம்.”

“அதுக்கு உன் சேலையக் கிழிச்சிட்டாரா, பாவி மனுசன்?”

“அவரு வேட்டியத்தான் கிழிச்சாரு. அது முரட்டுத் துணி, அடைச்சிட்டு. நான்தான் சேலைய எடுத்துக் குடுத்தேன். நேத்து பாலத்துல நிக்காம ஏறிட்டு.”

“ஒரு காருக்காகவா?”

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“கடல்ல சங்கு குளிச்சிக்கிட்டிருந்த மனுசன், அக்கா. இப்ப முங்குனா மூச்சு நிக்க மாட்டேங்கு. இனிமே வாடகைக்கு வண்டி ஓட்டித்தான் பொழைக்கணும். காருக்காவது மூச்சு முட்டாம இருக்கட்டும்.”