ரத்தம் போதவில்லை

குரல் நன்றாக இருக்கிறது என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பதற்றத்தில் இருப்பவர்களை அமைதிப்படுத்தும் குரலாம். அதற்கு முன் என்னைப் பற்றி யாரும் அப்படி எதுவும் சொன்னதில்லை.

எங்கள் வேலை எளிமையானது. பாலியல் நோய் இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்வார்கள். வெளியே எதுவும் எழுதாத சின்னப் பெட்டி ஒன்று வீட்டுக்குப் போகும். விரலைக் குத்தி, குப்பியில் ரத்தம் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முடிவு என் திரைக்கு வரும். நான் போனில் சொல்வேன். நோய் இல்லாதவர்கள் நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். இருப்பவர்கள் அழுவார்கள், மருந்து கிடைத்ததும் அவர்களும் மறந்துவிடுவார்கள். முடிவுக்குக் காத்திருக்கும்போது மட்டும்தான் யாருக்கும் நான் வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அந்தப் பெண் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் பேசினாள். கணவனின் பையில் இந்த மாதிரி நோய்க்கான மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறாள். அவளோ கர்ப்பிணி.

“அக்கா, என் ரத்தமும் என் வீட்டுக்காரர் மாதிரிதான். கூப்பிட்டா வரவே மாட்டேங்குது.”

“வெந்நீர்ல கைய வெச்சிட்டுக் குத்தும்மா, வரும்.”

“அவருக்கும் அதையே பண்ணிப் பாக்கட்டுமா?”

நான் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் கேட்டதேயில்லை.

முடிவு வந்தது. சிபிலிஸ். ஊசி போட்டால் குணமாகிவிடும், குழந்தையும் பிழைத்துக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

“உங்க போனுக்குத்தான் அக்கா காத்துட்டிருந்தேன்” என்றாள்.

“ரத்தம் போதலைம்மா. இன்னொரு பெட்டி அனுப்பறேன்” என்றேன். யாரிடமாவது அன்றாடம் சொல்கிற வாக்கியம்தான். வாயில் தானாக வந்தது.

அதன் பிறகு தினமும் பேசினாள். குழந்தை உதைப்பது, மாமியார் டிவி ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவது, எல்லாம் சொன்னாள். என் வீட்டில் ஃபிரிஜ் சத்தம் தவிர வேறு பேச்சில்லை என்று நானும் ஒருநாள் சொல்லிவிட்டேன். “ஃபிரிஜ் இன்னைக்கி என்னக்கா சொல்லுது?” என்று கேட்டுத்தான் பிறகெல்லாம் ஆரம்பிப்பாள். இரண்டாவது பெட்டியும் வந்தது. ரத்தம் தாராளமாகவே இருந்தது. போதவில்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதாகப் பயந்தாள். அங்கே அவளுடைய நாத்தனார் நர்ஸ். விஷயம் வீட்டுக்குப் போய்விடும்.

“வெளியில எடுத்தாச்சுன்னு சொல்லிடு. ஒரு ரிப்போர்ட் அனுப்பறேன், அதைக் காட்டு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு ரிப்போர்ட் அனுப்பினேன். அவள் மானத்தைக் காப்பாற்ற வேறு யார் இருந்தார்கள்?

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. தன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். வெகுநேரம் அழுதாள், போனை வைக்கவேயில்லை. நானும் வைக்கவில்லை. அமைதிப்படுத்தினேன்.

தெரிந்தேதான் மறைத்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. என் போன் உங்கள் மேஜையில் இருக்கிறது. நீங்கள் அவளிடம் பேசிவிட்டு வந்ததிலிருந்து அது அடிக்கவில்லை, சார்ஜ் தீர்ந்திருக்கும். கொஞ்சம் சார்ஜில் போட்டுவையுங்கள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை.