நான்காவது பாயிண்ட்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் தூசியோடு தூசியாகக் கிடக்கும். கால் இடறினால்தான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். யோசனை என்னுடையது. அதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

நான்கு பாயிண்ட் கொண்ட பெட்டி. எந்தப் பாயிண்டை எத்தனை மணிக்குப் போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று கைபேசியிலேயே சொல்லிவைக்கலாம். எதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். உள்ளே வயரிங், சால்டரிங் எல்லாம் நான். அதை இயக்கும் நிரலை எழுதியவன் என் கூட்டாளி. ஒல்லிக்குச்சி உடம்பு, காதோரம் ரீங்காரமிடுகிற குரல். வகுப்பில் எல்லோருக்கும் அவன் கொசு.

எங்கள் கைடு பெட்டியைக் கையில் வாங்கினால் கொசுவைப் பார்த்துத்தான் பேசுவார். நிரல் பிரமாதம் என்பார். என்னிடம், அந்த வயரைக் கொஞ்சம் ஒதுக்கி வை என்பார். எனக்குப் பொறாமை கிடையாது. எதையும் கவனிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஏதாவது வீட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது, கொசு தன் வீட்டைச் சொன்னான். அவன் அம்மாவுக்கு நுரையீரல் நோய். ஆக்ஸிஜன் மெஷின் நாள் முழுவதும் ஓட வேண்டும். நான்காவது பாயிண்ட் அதற்கு. மற்றவை அணைந்தாலும் அது தானாக அணையாதபடி எழுதியிருந்தான். பெட்டியைக் கொண்டுபோய்ப் பொருத்தியது நான். மூக்கில் குழாயோடு அந்த அம்மா, "வாப்பா, சாப்பிட்டியா?" என்றார். கட்டிலருகே அவசரத்துக்கென்று சின்ன சிலிண்டர் ஒன்று நின்றது. நான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"மெஷின்ல விளக்கு அணைஞ்சா பயப்படாதீங்கம்மா. எதையும் தொடாதீங்க. தானா வந்துரும்."

தலையாட்டினார். சொன்ன பேச்சைக் கேட்கிறவர்.

அதன் பிறகு அந்த வீடு என் கைபேசிக்குள் இருந்தது. இரண்டு மூன்று நாளிலேயே ஒன்று உறுத்தியது. இரண்டாவது பாயிண்டில் கொசுவின் லேப்டாப். தினமும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை அது ஓடியது. அந்நேரம் அவன் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தான். மதியம் என்னடா பண்றே என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கடையிலதான்டா இருப்பேன். ஏன்?"

அந்த 'ஏன்'தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. மடியில் கனமில்லாதவன் எதற்கு ஏன் என்று கேட்க வேண்டும்? வீட்டில் கமுக்கமாக உட்கார்ந்து, என் பெயர் இல்லாத அறிக்கை ஒன்றை எழுதுகிறான் என்று புரிந்துகொண்டேன். கைடு அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கும் அப்போது அர்த்தம் விளங்கியது. ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரெவ்யூ நாள், காலை பதினொரு மணி. லேபில் பெரிய திரையில் அவன் வீட்டு அளவுகள் ஓடிக்கொண்டிருந்தன. கொசு பெருமை பொங்கப் பேசினான். நான்காவது எண் திடீரென்று பூஜ்யமானது. மறுபடி போட்டான், வந்தது, போனது. நான்கு முறை போட்டான். நான்கு முறையும் போனது. அவன் நிரல் எவ்வளவு லட்சணம் என்று கைடு கண்ணாரப் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் இல்லை. என் கைபேசி மேசைக்கு அடியில் இருந்தது.

கொசுவின் முகம் வெளிறிவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை.

"டேய், அம்மா தனியா இருக்காங்கடா."

"நீ போ, இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். கைடு முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். ரிலே ஏன் இந்த வகை, வயர் ஏன் இந்தத் தடிமன் என்று இருபது நிமிடம் என்னிடம் மட்டும் கேட்டார். நன்றாகவே பதில் சொன்னேன். பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது கைபேசியை எடுப்பது மரியாதையாக இருக்காது. அவர் எழுந்து போன உடனே நான்காவது பாயிண்டைப் போட்டுவிட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்ததாம். அந்த அம்மா அதைத் தொடவே இல்லை.

உடலை எடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொல்லி அழுதார். கொசு லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவானாம். மதியம் இரண்டு மணியானால் அம்மா அதில் சீரியல் பார்ப்பாராம். நான் கேட்டபோதே கொசு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நான் அனுப்பிய கட்டளைகளை அன்று மாலையே பதிவிலிருந்து அழித்திருந்தேன். அதில் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டேன். போடச் சொல்லி அவன் கொடுத்த கட்டளைகள் மட்டும் பதிவில் வரிசையாக நின்றன. அணைக்கச் சொன்ன ஆளே இல்லை. கல்லூரிக் குழு கூடி, பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், உள்ளே சால்டரிங் விட்டுப்போனதால் நேர்ந்த விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. நிரலில் குறையில்லையாம்.

நேற்று கொசு என் அறைக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

"நீ வேணும்னாடா பண்ணே? விடு, மனசுல வெச்சுக்காதே."

அவன் என்னை மன்னித்துவிட்டானாம். சரியாகப் பற்றவைக்காததற்கு.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்துப் பாருங்கள், ஐயா. இழுத்துப் பாருங்கள், ஒரு முனைகூட அசையாது. அது தானாக ஒருமுறைகூட அணையவில்லை. ஐந்து முறையும் நான்தான் அணைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், குழுவின் அறிக்கையையும் திருத்தச் சொல்லுங்கள்.