கடைசிக் கட்டில்வரை ஒரு பார்வை

என் பேச்சு நீளுமோ என்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் தலைவர் அவர்களே! பகல் தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் என் செவிலி அக்காவே! அனைவருக்கும் வணக்கம்.

என் தொழில் என்ன? நீங்கள் வாயால் சொல்லும் தேவையைக் கணினி சரிபார்க்கும் கணித வாக்கியமாக எழுதுவது. அதை வைத்துத்தான் மென்பொருள் செய்வார்கள். சிரிக்காதீர்கள் ஐயா, என் மனைவியும் இப்படித்தான் சிரித்தாள்!

இந்த அக்காவின் மருத்துவமனைக்கு அழைப்பு மணி வேண்டும். நோயாளி பொத்தானை அழுத்தினால் ஒலிக்க வேண்டும். செவிலியர் வந்து நிறுத்தும்வரை ஒலிக்க வேண்டும். அக்கா சொன்னது இவ்வளவுதான். எழுதினேன். கணினி சோதித்தது. பிழையில்லை என்றது. மார்தட்டினேனா? தட்டினேன்!

வந்தது சோதனை நாள். ஆறாம் கட்டில் பெரியவர் தண்ணீருக்காக அழுத்தினார். மணி ஒலித்தது. அக்கா போனார், நிறுத்தினார். அமைதி! ஆனால் அவர் திரும்பவில்லை. கடைசிக் கட்டில்வரை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவர் ஓடினார்!

பன்னிரண்டாம் கட்டிலில், அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு தாய் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். முதல் மணி ஒலிக்கும்போதே அவரும் அழுத்தியிருக்கிறார். யாராவது வருவார்கள் என்று நம்பிக் கிடந்திருக்கிறார். என் கணக்கிலோ வார்டு முழுமைக்கும் ஒரே மணி! ஒருவருக்காக நிறுத்தினால் எல்லோருக்கும் நின்றுவிடும். பிழையில்லாத கணக்கு ஐயா, ஓர் உயிரின் வாயை அடைத்த கணக்கு!

அக்கா போய்ப் பார்த்தபின் அந்தத் தாய்க்கு மூச்சு சீரானது. எனக்கு ஆகவில்லை.

"ஏன்க்கா, ரெண்டு பேர் ஒண்ணா கூப்பிடுவாங்கன்னு நீங்க சொல்லலையே?"

"அதைக்கூடவா சொல்லணும் தம்பி? நான் எப்பவும் கடைசிக் கட்டில் வரைக்கும் பார்த்துட்டுத்தான் திரும்புவேன். நீங்க கேட்கவே இல்லையே!"

கேட்கவில்லை! எழுதத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை! தினமும் செய்கிறவருக்கு அது சொல்லத் தோன்றாது. தெரியாத நான்தானே துருவித் துருவிக் கேட்டிருக்க வேண்டும்? வெட்கப்பட்டேன். அன்றுமுதல் எழுதும் ஒவ்வொரு வரியையும் அக்காவிடம் பேச்சுத்தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். அவர் தலையசைத்தால்தான் கணினிக்குப் போகும். இப்போது கட்டிலுக்கொரு மணி. அந்தக் கட்டிலுக்கே போனால்தான் நிற்கும். கணிதம் என்னுடையது, கண் அக்காவுடையது!

இதோ, அக்கா எழுந்துவிட்டார். பணிநேரமாம். உட்காரச் சொல்லாதீர்கள் தலைவரே, வழிவிடுங்கள்! பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, விடைபெறும் வணக்கம். போய் வாருங்கள் அக்கா, கடைசிக் கட்டிலில் யாரோ காத்திருக்கிறார்கள்!