அவர் பெயரில் என் துடிப்பு

கையில் எதையும் கட்டிக்கொள்ளும் பழக்கமே எனக்குக் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற கைக்கு அதெல்லாம் தொந்தரவு. மணிக்கட்டில் இந்தத் தடம் எப்படி வந்தது என்று உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, ஐயா. நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இடுப்பு மூட்டு தேய்ந்து படுத்த படுக்கையாகிவிட்டார். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கூப்பிடுவார். மூட்டை மாற்றினால் நடப்பார் என்றார் டாக்டர். ஆனால் இதயம் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு வாரம் கையில் கட்டியிருக்கச் சொல்லி, கடிகாரம் மாதிரி ஒரு பட்டை கொடுத்தார். துடிப்பு, மூச்சு, தூக்கம் எல்லாம் அதிலிருந்து போன் வழியாக நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அது சரியாக இருந்தால்தான் ஆபரேஷன்.

"எனக்கு எதுக்குடி கைவிலங்கு? நீ கட்டிக்கோ, உனக்குத்தான் எடுப்பா இருக்கும்," என்று கழற்றி எறிந்தார். பட்டை கையில் இல்லாவிட்டால் போன் கத்தும். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் முதலில் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது அவர் கையில் கட்டிப் பார்த்தேன். போனில் சிவப்பாக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். "பட்டை நழுவிடுச்சுங்க," என்றேன். என் கையில் கட்டியதும் கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்தேதான் செய்தேன். நடமாட்டம் காட்டிக்கொடுத்துவிடும் என்று உட்காரும்போதும் படுக்கும்போதும் மட்டும் கட்டிக்கொண்டேன். மற்ற நேரம் போனின் வாயை அடைத்துவைத்தேன். எனக்கு அவ்வளவு மூளை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு," என்று இரண்டு வாரம் முடிந்ததும் பட்டையின் கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"கேட்டியாடி? எப்பப் பார்த்தாலும் மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னியே," என்று சிரித்தார் அவர். தூங்கும்போது அவர் கையில் கட்டிவிடுவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஆபரேஷன் அன்று, மயக்க மருந்து கொடுத்த பிறகு ஒரு சிஸ்டர் வெளியே ஓடிவந்தாள்.

"அம்மா, வீட்டுல பட்டையை அவர்தானே கட்டியிருந்தாரு? இப்ப நெஞ்சுல ஒட்டினது தாறுமாறா காட்டுது. பழைய கணக்குல அப்படி இல்லையே. இன்னும் கத்தி வைக்கலை. சந்தேகம்னா நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு."

நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். வீட்டுக்கும் வந்திருப்பார்.

"அவரேதான் கட்டியிருந்தாரு சிஸ்டர். ஒரு நாள்கூடக் கழற்றலை," என்றேன்.

நெஞ்சில் ஒட்டியதில்தான் கோளாறு என்று முடிவு செய்து, பழைய கணக்கை நம்பி ஆரம்பித்துவிட்டார்கள். மேசையிலேயே போய்விட்டார். சரியாக ஒட்டவில்லை என்று அந்த சிஸ்டரை வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஐயா. அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போனதைப் பார்த்ததிலிருந்து என் மனசு என்னை அறுக்கிறது.

அவர் எழுந்து நடக்கவேண்டும் என்கிற ஆசையில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று நேற்று மகளிடம் சொன்னேன். அவளும் நம்பிக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதி நேரம் நானே அதை நம்புகிறேன். ஆனால் சிஸ்டர் உள்ளே போய்க் கதவு மூடியதும் நான் அங்கே நிற்கவில்லை. நேரே கேன்டீனுக்குப் போனேன். பசித்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டேன்.