முதல் கணினி, கதவு வரைக்கும்

...அப்படியே விட்டா பொய்யாயிடும்ணே, அதைத்தான் சொல்றேன். "உலகின் முதல் கணினி, 1946." இந்தச் சுவருக்குன்னு எங்க ஹெச்.எம். எழுதிக் குடுத்த வரி. உங்க கையெழுத்தைக் குறை சொல்லல, முத்து முத்தா இருக்கு. ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஒருத்தர் டக்டக்குனு அடிக்கிற ரிலே சுவிட்ச் வச்சு ஒண்ணு செஞ்சாரே, அவரு என்ன இளிச்சவாயரா? அதனால "மின்னணு"ன்னு ஒரு வார்த்தை சேருங்க. சேர்த்தாச்சா... அதுவும் பத்தாது. போர் நடந்தப்போ ஒரு மின்னணு மெஷின் இருந்துச்சு, வெளிய மூச்சு விடல. அது எதிரியோட சங்கேதத்தை அவிழ்க்க மட்டும். அதனால "எல்லா வேலைக்குமான"னும் போடணும். நுணுக்கி எழுதுங்க, இடம் இருக்கு.

பெருமூச்சு விடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா ஹெச்.எம். எல்லாத்தையும் வெள்ளையடிச்சுடுவாராம், தெரியும். நாளைக்குப் பிள்ளைங்க இந்தச் சுவரைப் படிச்சுட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள வரும். தப்பா பதிஞ்சுட்டா நான் வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்தினாலும் போகாது. அந்த மனுஷன் அசெம்ப்ளியில என்ன சொல்றாரு தெரியுமா? கெட்டில் மூடி ஆடுறதைப் பார்த்து ஒரு பையன் நீராவி எஞ்சினையே கண்டுபிடிச்சானாம். அந்தப் பையன் பொறக்குறதுக்கு முன்னாடியே நீராவி எஞ்சின் சுரங்கத்துல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்துச்சுண்ணே. சொன்னேன். "பிள்ளைங்களுக்குக் கதைதாம்மா பிடிக்கும்"னாரு. அப்போ வாய்ப்பாட்டையும் பிடிச்ச மாதிரி மாத்திக்கலாமா சார்னு கேட்டேன். அன்னையிலேர்ந்து முகம் குடுத்துப் பேசுறதில்ல.

கீழ இன்னொரு வரி. அந்த 1946 மெஷினுக்கு நிரல் எழுதினது ஆறு பொண்ணுங்க. போட்டோவுல நிக்கிறாங்க. சும்மா அழகுக்கு நிறுத்தியிருக்குன்னு நெனச்சு ரொம்ப காலம் பேரு கூட யாரும் கேக்கல. ஆறு பேரையும் எழுதணும்... என்ன, கதவு வந்துருச்சா? இன்னும் டிரான்சிஸ்டரே வரலையேண்ணே. செல்போன் வரைக்கும் போகணும்...

ஏன் இறங்குறீங்க? அந்த வெள்ளை டப்பாவை எதுக்குத் திறக்குறீங்க? ஹெச்.எம். வந்து சொல்லிட்டுப் போயிட்டாரா? எப்போ... நான் பேசிக்கிட்டு இருந்தப்பவா?

சரி. அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, அவரு எழுதிக் குடுத்தாரே "முதல்"னு, அங்கேர்ந்து ஆரம்பிங்க. தப்பு அதுலதான் இருக்கு.