ஓனரு டூட்டில கீறாரு

அத்த தொடாத. பின்னாடி கதவ தொடாதன்னு சொல்றேன்ல. முன்னாடி பாரு, டிக்கிய தொற, அடியில பூந்து பாரு, எங்க வேணா பாரு. பின்னாடி ஆளு குந்திகினு கீறாங்க, தெரியல?

நாலு கதவையும் பாத்தாத்தான் ரேட்டு வருமா? அப்ப மூணு கதவுக்கு ரேட்டு போடு.

யாரு வரச் சொன்னது உன்ன? லாவண்யாவா. அது பெங்களூர்ல குந்திகினு போன்லயே பழச விக்கும், போன்லயே புதுச வாங்கும். எக்ஸ்சேஞ்சுன்னு சொல்லிச்சா. சரி, ஷோரூம்லருந்து கோவில்பதாகை வரைக்கும் வந்துட்ட. பாத்துட்டுப் போ. நாலரைக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள முடி.

இன்னாது அது, கதவு மேல வெச்சி வெச்சி எடுக்கற? பெயிண்ட்டு ஆழம் பாக்குதா. டிங்கரிங் பண்ணியிருந்தா காட்டிக் குடுத்துடுமா. ஏம்பா, வாயத் தொறந்து கேட்டா நானே சொல்லப் போறேன். எடது பக்கம் முழுசா டிங்கரிங். வலது பக்கம் பாதி. உள்ள மேட்ட தூக்கனா ரோடு தெரியும். மழத் தண்ணி ரெண்டு வாட்டி பூந்துது. செல்ஃப் எடுக்காது. போதுமா? எழுதிக்கோ.

தொண்ணூத்தெட்டு மாடலு. வெள்ள கலருதான். இப்ப மோரு கலரு.

ஒரே ஓனரு. பேரு புக்குல கீது பாரு. ஆமா, வேம்புலி. சரியாத்தான் படிச்ச. இன்னொரு வாட்டி படி. ஒண்ணுமில்ல, சும்மா.

தோ வரேம்மா! ரெண்டே நிமிசம்! வண்டி பாக்க ஆள் வந்துகீறாரு!

இன்னா மொறைக்கிற? ஆமா, கோபின்னுதான் கூப்ட்டாங்க. என்னத்தான். ஓனரா? ஓனரு டூட்டில கீறாரு. கையெழுத்து இப்ப கெடைக்காது. நீ கத்தாத. அவங்க காதுல வுழக்கூடாது.

நான் திருட்டு வண்டி விக்கறவன் மாதிரியா கீறேன்? எழுபத்திநாலு வயசுல, இந்த தகர டப்பாவ திருடிகினு எங்க போவேன்? ரெண்டாவது தெருவு தாண்டாது.

மெக்கானிக்கு கலியமூர்த்தி. அண்ணனூர்ல ஷெட்டு. இருவது வருசமா அவன்தான் பாக்கறான். போன வாரம் அடியில படுத்து பாத்துட்டு எழுந்தான். கைய தொடச்சிகினே நின்னான். அண்ணாத்தே, வெல்டிங் வெக்க தகடே இல்ல, இனிமே காத்துலதான் வெக்கணும்னான். காத்துலயே வையின்னேன். திட்டிகினே வெச்சான். ஆறு மாசம் தாங்கும், அப்பறம் என் ஷெட்டு பக்கம் வராதன்னான்.

புதுசு வாங்குனா அஞ்சு வருசம் தொல்ல இல்லியா. ஏசியா. சரி, சரி. தெரியும் நைனா. உன்னாட்டம் ரெண்டு பேரு வந்து சொல்லிட்டாங்க.

இப்ப இன்னாத்த எட்டி பாக்கற? ஓ, அதுவா. கண்ணாடி எறக்கற கைப்புடி உடஞ்சிபோச்சி. அதுக்கு பதிலா ஸ்பேனரு மாட்டி கீது. பழைய கத. புதுக் கைப்புடி எங்க விக்குதுன்னு எனக்கும் தெரியும். மாட்ட மாட்டேன். மாட்ட மாட்டேன்னா மாட்ட மாட்டேன். எப்டி கெட்டியா புடிச்சிகினு கீறாங்க, பாரு.

பொங்கலுக்கு லாவண்யா அதோட வண்டில வந்துது. பளபளன்னு. அதுல ஏத்தினோம் இவங்கள. நல்லாத்தான் ஏறினாங்க. அப்பறம் கதவ தடவ ஆரம்பிச்சாங்க. ஸ்பேனரு இல்ல. சுவிட்சு. தடவிகினே வந்தாங்க. அயனம்பாக்கம் ஏரி கூட தாண்டல, ஒரே கத்து. யாருடா நீங்கள்ளாம், என்ன எங்க கடத்திகினு போறீங்கன்னு. ஓடற வண்டில கதவ தொறக்கறாங்க. கூட்டம் கூடிச்சி. எவனோ ஒருத்தன் என் சட்டைய புடிச்சிட்டான். அம்மா, நாந்தாம்மான்னு லாவண்யா அழுவுது. நீ யாரு பொண்ணும்மா, அழுவாதன்னு அது கண்ண தொடச்சி வுட்டாங்க.

இந்த வண்டின்னா ஒரு பேச்சு இல்ல. நாலு மணிக்கு என்ன டீ போடச் சொல்லி, ஃப்ளாஸ்க்குல ஊத்திகினு, பொடவ மாத்திகினு, தானா வந்து குந்திடுவாங்க.

எங்க போறதா? ஃபேக்டரி கேட்டுக்கு. அஞ்சு மணிக்கு சங்கு ஊதும்.

கொஞ்சம் இப்டி வா. மோட்டார் ரூமாண்ட வா. இங்க பேசுனா கேக்காது.

வேம்புலி நான்தான்.

ஆதாரு ஊட்ல கீது, அப்பறம் காட்டறேன். லாவண்யா என் பொண்ணு. உள்ள குந்திகினு கீறது நாகவல்லி, என் ஊட்டுக்காரி. நான் அந்த ஃபேக்டரில முப்பத்திநாலு வருசம் ஃபிட்டரு. ரெண்டாயிரத்தி மூணுல பைக்கு சறுக்கி கால் ஒடஞ்சிது. ஒரு வருசம் ஒண்ணும் ஓட்ட முடியல. குவார்ட்டர்ஸ்ல பக்கத்து ஊட்டுக்காரன் கோபி, டிரைவரு. அவன் ஓட்டுவான், இவ ஃப்ளாஸ்க்க மடில வெச்சிகினு பின்னாடி குந்திகினு வருவா, சங்கு ஊதற நேரத்துக்கு என்ன இட்டுகினு போக. கோபி இப்ப பூந்தமல்லில ஊடு கட்டிகினு போய்ட்டான்.

இவ எல்லாத்தையும் மறந்துட்டா. அந்த ஒரு வருசம் மட்டும் எங்கயோ மாட்டிகினு நிக்குது. அதுல ஓட்டறவன் கோபிதான. அதனால நான் கோபி.

டெய்லி போறோம். கேட்டுக்கு எதுர்ல நிறுத்துவேன். ஸ்பேனர சுத்தி கண்ணாடிய எறக்கி, வெளிய வர ஒவ்வொரு மூஞ்சா பாப்பா. கடைசி ஆள் போறவரைக்கும் பாப்பா. ஐயாவுக்கு இன்னிக்கி ஓவர்டைம்மான்னு சொல்லுவேன். அவரு பசி தாங்க மாட்டாரே கோபிம்பா. அப்பறம் அந்த டீய எனக்கு ஊத்திக் குடுப்பா. ஆறிடும், நீயாவது குடின்னு.

பொண்ணுக்கு, தன்ன மறந்துட்டாங்கன்னு தெரியும். என்னையும் மறந்துட்டான்னு நான் சொல்லல. பொங்கலன்னிக்கி கத்துனது புது வண்டி பயம்னு சொல்லி வெச்சிட்டேன். அம்மாவுக்கு அப்பா கீறாருன்னு நெனச்சிகினுதான் அது அங்க தூங்குது. நீயும் சொல்லாத. தகடு மோசம், எங்க ஷோரூம்ல எடுக்க மாட்டாங்கன்னு எழுதி அனுப்பு. பொய் இல்லியே அது.

சொல்றேன் கேளு. டாக்டரு வண்டியையும் மறந்துடுவாங்கன்னுட்டாரு. கலியமூர்த்தி ஆறு மாசங்கறான். எது முந்திக்குதோ. இது யாரு வண்டி, நான் ஏற மாட்டேன்னு என்னிக்கி சொல்றாளோ, அன்னிக்கி நானே உனக்கு போன் பண்றேன். வந்து எடுத்துகினு போ. ரேட்டு கூட கேக்க மாட்டேன்.

மூஞ்ச தொடச்சிக்கோ. ஆம்பள தான நீ. நாலு முப்பத்தஞ்சி ஆயிடிச்சி பாரு, உன்னால.

தோ வந்துட்டேம்மா!

பின்னாடி போயி கைய வை. செல்ஃப் எடுக்காதுன்னு சொன்னேன்ல.

தள்ளு.