பெண் கேட்கக் கொண்டுபோன மிராக் கட்டு

என் பெயர் டேவிட் முதேதியா. வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் இகியுகு, உயிருடன் இல்லை. கென்யா நாட்டில் மேரு மலைப் பகுதியைச் சேர்ந்த மாவுவா ஊரில், சந்தைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். மிரா என்ற, மெல்லுகிற இலைக்கொம்புகளை ஏற்றிக்கொண்டு நைரோபிக்குப் போகும் பிக்கப் வண்டியின் ஓட்டுநர். நமங்கா எல்லையில் தான்சானியா பக்கத்துக் காவல் நிலையத்தில், யாரும் மிரட்டாமலும் ஆசை காட்டாமலும், நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை பகல் பதினொரு மணியளவில் இந்த எல்லையின் சோதனை மேசையில் ஒரு மிராக் கட்டுடன் பிடிபட்டுக் காவலில் இருக்கும் எம்புருகு என்பவர், வயது எழுபத்திரண்டு, என் பெரியப்பா. அன்று அதிகாரி கேட்டபோது அவரைத் தெரியாது என்று நான் சொன்னேன். அது பொய்.

எனக்கு ஆறு வயதில் என் தகப்பனார் இறந்துபோனார். அதன் பிறகு என்னை வளர்த்ததும் படிக்கவைத்ததும் பெரியப்பாதான். அவருக்கு மகன் கிடையாது. அருஷா ஊரைச் சேர்ந்த அயிகாந்தே என்ற பெண் இரண்டு வருடம் எங்கள் ஊர் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போய், அவள் வீட்டுக்குச் சென்று முறையாகப் பெண் கேட்பது என்று முடிவானது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கப் போகும் பெரியவர் நல்ல கிழ மரமாகப் பார்த்து மிராக் கொம்புகளைத் தன் கையால் ஒடித்து, வாழை இலையில் சுற்றி, வாழை நாரால் கட்டிக் கொண்டுபோய்ப் பெண்ணின் தகப்பனார் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டால்தான் பேச்சே ஆரம்பமாகும். எங்கள் ஊரில் மிரா பயிர். வரி கட்டி விற்கிறோம், நாள் முழுக்க மெல்லுகிறோம், அதில் வரும் காசில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதே இலை எல்லைக்கு இந்தப் பக்கம் மிருங்கி என்ற பெயரில் போதைப்பொருள், வைத்திருந்தால் சிறை. இது பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் வாழ்நாளில் நாட்டு எல்லையைத் தாண்டியவரே இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஸ்டாண்டு ஓட்டுநர் ஒருவர் இரண்டு மிராக் கட்டுகளைச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து இந்த நாட்டுச் சிறைக்குப் போனதை நான்தான் அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

அயிகாந்தே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள், வேறு எதைக் கொண்டுவந்தாலும் அந்த இலையைக் கொண்டுவராதீர்கள் என்று. சரி என்றேன். கட்டு இல்லாமல் போய் நிற்பது பிச்சை கேட்பது மாதிரி, நான் வரமாட்டேன் என்று பெரியப்பா சொன்னார். அவரிடமும் சரி என்றேன். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கிழவர் பையை யார் கிளறப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டை உன் பையில் வைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, பெரியவர் கையில் இருப்பதுதான் மரியாதை என்றும் சொன்னேன். பயந்துதான் அப்படிச் சொன்னேன், மரியாதைக்காக அல்ல.

வெள்ளிக்கிழமை விடியலில் மரம் ஏற வேண்டாம் என்று பெரியம்மா சொல்லியும் கேட்காமல் அவரே ஏறி ஒடித்தார். சனிக்கிழமை காலை நைரோபியில் வேன் ஏறும் முன், பக்கத்தில் இருந்த ஒரு பெண் கட்டு காயாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள். பெரியப்பா வாங்க மறுத்துவிட்டார். பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் எங்கள் நாட்டில் அபராதம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் சட்டத்தை மீறக்கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகள், மறந்துவிடுவார் என்று என் சட்டைப் பையில் இருந்தன.

அதன் பிறகு நமங்காவில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, சோதனை மேசைக்கு வரிசையில் வந்தோம். நான் அவருக்கு மூன்று ஆள் பின்னால் நின்றேன். தற்செயலாக நிற்கவில்லை. அதிகாரி கட்டைத் தூக்கிக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். பெரியப்பா கையை உயர்த்தினார்.

"என்னுதுதான் ஐயா. பொண்ணு கேக்கப் போறோம். பாத்துப் புடிங்க, நுனி உடைஞ்சா நல்லாருக்காது."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். இது இங்கே குற்றம் என்று அதிகாரி சொன்னபோது அவருக்குப் புரியவில்லை, வேடிக்கை என்று நினைத்து அவரும் சிரித்தார். கூட வந்தது யார் என்று கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். இவரைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது. வேன்ல பக்கத்துல உக்காந்து வந்தாரு, அவ்வளவுதான்."

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். விரல்களில் மிராப் பட்டையின் கறை அப்படியே இருந்தது. என் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனேன். அதை நினைத்தால் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு அதே வேனில் அருஷா போய்ச் சேர்ந்தேன். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்று சொன்னேன். அவர்கள் பிலாவ் சோறும் வாழைக்காய்க் கறியும் போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அயிகாந்தே என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உடம்பு சரியில்லாதவரோட மாத்திரை உங்ககிட்ட எதுக்கு இருக்கு? அவர் எங்க?"

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் இந்த மாத்திரை இல்லாமல் அவர் எப்படி இருக்கிறாரோ என்று மட்டும் கேட்டாள். பிறகு என் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அவரோடு வந்தால் மட்டும் வாருங்கள் என்றாள்.

இன்று திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவரைத் தெரியாது என்று என்னைச் சொல்லவைத்தது பயம்தான், வேறு எதுவும் இல்லை. மிரா வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம், எங்கள் நாட்டில் இல்லை. பிளாஸ்டிக் பை இரண்டு நாட்டிலும் குற்றம். அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு ஒரு பிரிவு இருக்கிறது என்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். வளர்த்தவரைத் தெரியாது என்றதற்கு எந்தப் பிரிவு என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த சார்ஜென்ட் பேனாவைக் கீழே வைத்தார். அப்படி ஒன்று இங்கேயும் இல்லை, உங்கள் ஊரிலும் இருக்காது என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அதன் பிறகு மாத்திரை கொடுப்பதற்காகப் பெரியப்பாவை அழைத்துவந்தார்கள். செருப்பில்லாமல் வந்தார். அவருக்குக் குற்றம் என்று தெரியாது, தெரிந்தும் அவரைக் கொண்டுவரவிட்டது நான்தான் என்று நான் சொல்லியிருப்பதை அவரிடம் படித்துக் காட்டினார்கள். அப்படியானால் இரண்டு பேர்மேலும் வழக்கு வரும், இவன் உங்கள் தம்பி மகன்தானா என்று சார்ஜென்ட் கேட்டார். பெரியப்பா மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இவன் யாருன்னு எனக்குத் தெரியாது ஐயா. வேன்ல பக்கத்துல உக்காந்து வந்தான். அவ்வளவுதான்."

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய். இந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை அவர் கணக்கில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரியும் கூடவோ குறையவோ இல்லை. கையெழுத்துக்குக் கீழே, காவலில் உள்ளவருக்கு என்ன உறவு என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது:

டேவிட் முதேதியா
மகன்